யாரிடம் கேட்பது?

திருமலையில் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டும் பலகைகளில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஹிந்தியும் ஆங்கிலமும் அடுக்கடுக்காக நிற்பதை எவரும் விசேஷமாகக் கவனிப்பதில்லை. தம் மொழி எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரிக்குக் கண் தானாகவே சென்றுவிடுகிறது. 1953-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் உதயமாகும் வரையில் சென்னை ராஜ்யத்தின் அங்கமாக இருந்து, பின்னர் 1960-இல் திருத்தணியைச் சென்னைக்கு விட்டுக்கொடுத்த பழைய சித்தூர் ஜில்லாவில், நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும், வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் கல்லூரியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர்கள் ஏராளம். ஒரு விஷயத்தை ஒரு மொழியில் தேடி, இன்னொன்றில் படித்து, மூன்றாவதில் எழுதுவது இவர்களுக்கு நித்திய அப்பியாசம். ஆகையால் ஒரு வலைத்தளத்தின் முகப்பைத் திருத்துகிறவர்கள் மொழி மாற்றும் பொத்தானைச் சற்றே இடம் பெயர்த்து வைத்தார்களானால், மற்ற ஊர்க்காரர்களுக்கு அது அற்பமாகத் தோன்றினாலும் இந்த ஜில்லாவாசிகளுக்கு அப்படித் தோன்றாது.

விக்கிப்பீடியாவில் அந்தப் பொத்தான் உண்மையிலேயே இடம் பெயர்ந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் தெலுங்கு விக்கிப்பீடியாவும் 2003-ஆம் ஆண்டிலேயே பிறந்த சமவயதுடையவை. தெலுங்கு விக்கிப்பீடியர்கள் தங்கள் பதினோராவது ஆண்டு விழாவை 2015 பிப்ரவரியில் திருப்பதியில்தான் கொண்டாடினார்கள். இரண்டையும் தாங்கி நிற்கும் மீடியாவிக்கி என்பது, மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் தம் காரியத்துக்கு உபயோகிக்கவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள். 2004 முதல் மோனோபுக் என்ற தோற்றத்திலும், 2010 முதல் வெக்டார் என்ற தோற்றத்திலும் பக்கங்கள் காட்சியளித்து வந்தன. மேசைக்கணினியில் படிப்போருக்கு அந்த முகப்பு நெரிசலாகவும் பழமையாகவும் இருக்கிறது என்று கருதிய விக்கிமீடியா அறக்கட்டளை, 2019-இல் சீரமைப்பு வேலையைத் தொடங்கி, 2020 முதல் சில விக்கிகளில் மட்டும் பரீட்சித்து, படிப்படியாகப் பல மொழிகளுக்கும் விஸ்தரித்து, 2023 ஜனவரி 18-இல் ஆங்கில விக்கிப்பீடியாவிலும் புதிய தோற்றத்தைக் கொண்டுவந்தது.

இத்தனை வருஷ காலத்தில் அவர்கள் அபிப்பிராயம் சேகரித்த விதம் கவனத்துக்குரியது. தொகுப்பாளர்களின் பக்கங்களின் மேலே அறிவிப்புப் பட்டையைக் காட்டி, மாதிரிப் பக்கம் ஒன்றைப் பிரயோகித்துப் பார்த்து வினாக்களுக்கு விடை எழுதும்படி பல மொழிகளிலும் வேண்டிக்கொண்டார்கள். பாதிப் பேருக்குப் பழையதையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி, கை எங்கே போகிறது என்று கணக்கெடுத்தார்கள். தேடல் பெட்டி படத்தோடும் சிறு குறிப்போடும் முடிவுகளைக் காட்டத் தொடங்கியதும், சோதித்த விக்கிகளில் தேடல் 30 சதவீதம் கூடிற்று என்றும், தலைப்பட்டை கூடவே இறங்கி வந்தபோது புகுபதிகை செய்தவர்கள் பக்கத்தை மேலும் கீழும் உருட்டுவது 15 சதவீதம் குறைந்தது என்றும் அறிவித்தார்கள்.

எண்கள் இவ்வளவு அனுகூலமாக இருந்தும், ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுத் தோற்றம் வந்த சில நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெறவேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, அதை ஆதரித்தவர்களே எதிர்த்தவர்களைவிட அதிகமாகவும் இருந்தார்கள். ஆனால் அங்கே தலைகளை எண்ணித் தீர்மானிப்பது வழக்கமன்று, வாதங்களின் பலத்தைத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை என்று சொல்லி விவகாரத்தை முடித்தார்கள். ஆட்சேபங்களில் முதன்மையானது, எழுத்துப் பகுதியின் அகலத்தைக் குறுக்கி இருபக்கமும் வெற்றிடம் விட்டதைப் பற்றியது. நீண்ட வரி கண்ணைக் களைப்புறச் செய்யும் என்ற சாஸ்திரம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அட்டவணைகளோடும் வரைபடங்களோடும் நாள்தோறும் மல்லாடுகிறவனுக்கு அந்த வெற்றிடம் பறிக்கப்பட்ட நிலமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அகலத்தை விரிக்கவும் சுருக்கவும் ஒரு பொத்தானை வைத்துத்தான் அந்தக் கோபத்தை ஓரளவு தணிக்க முடிந்தது.

பழக்கம் மாறுவதால் வரும் சலிப்பே எதிர்ப்பாக வடிவெடுக்கிறது என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். மொழிப் பொத்தானின் கதையே மறுபாதியைக் காட்டுகிறது. முன்பெல்லாம் இடப்பக்கப் பட்டையில் மொழிகளின் பெயர்கள் நீண்ட பட்டியலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அது பலர் கண்ணில் படாமலே போகிறதென்று கருதி, கட்டுரைத் தலைப்புக்கு நேரே, வலது கோடியில், எத்தனை மொழிகளில் அந்தக் கட்டுரை இருக்கிறதென்ற எண்ணிக்கையோடு ஒரு பொத்தானை வைத்தார்கள். புதியவர்களுக்கு அது சௌகரியமே. ஆனால் வருஷக்கணக்காக இடப்பக்கமே பார்த்துப் பழகியவர்கள் பட்டியல் காணாமற் போய்விட்டதென்று திகைத்தார்கள். ஆகவே பழைய இடத்திலேயே, மொழி இணைப்புகள் இப்போது பக்கத்தின் உச்சியில் தலைப்புக்கு எதிரே இருக்கின்றன என்று ஒரு குறிப்பை எழுதி, மேலே போவதற்கு ஒரு சுட்டியையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அதை ஒரு தோல்வியாக நான் கருதவில்லை. அபிப்பிராயம் கேட்டதன் மெய்யான பலன் அந்தக் குறிப்பில்தான் கிடைத்தது என்பேன்.

இதில் சங்கடம் என்னவெனில், அறிவிப்புப் பட்டைக்கு விடையெழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொகுப்பாளர்களே. புதுத் தோற்றம் பிடிக்காவிட்டால், புகுபதிகை செய்து விருப்பத்தேர்வுகளுக்குப் போய்ப் பழைய வெக்டாரையோ மோனோபுக்கையோ மீட்டுக்கொள்ளும் உபாயமும் அவர்களுக்குத் தெரியும். சித்தூரில் ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தில் உட்கார்ந்து, பாடத்தை ஆங்கிலத்தில் பார்த்துப் புரியாமல், இது தெலுங்கில் இருக்குமா, தமிழில் இருக்குமா என்று தேடுகிற பெண்ணுக்குக் கணக்கும் கிடையாது, அந்தத் தெரிவும் கிடையாது. அவள் அபிப்பிராயம் எழுதப்போவதில்லை. இல்லையென்று நினைத்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடுவாள். கைப்பேசியில் படிப்பவர்களே இங்கு மிகுதி என்பதும், கைப்பேசியின் தோற்றம் வேறு என்பதும் மெய்தான். அதனால் இவளுடைய சிரமம் இல்லையென்று ஆகிவிடாது.

டென்மார்க்கில் பிறந்த, முகப்புகளின் உபயோக எளிமையை ஆராயும் நிபுணர் யாக்கோப் நீல்சன், ஜனங்கள் வாயால் சொல்வதைவிடக் கையால் செய்வதைக் கவனியுங்கள் என்று நெடுங்காலமாக வற்புறுத்தி வருகிறவர். ஐந்தே பேரை உட்காரவைத்துப் பார்த்தால் ஒரு முகப்பின் குறைகளில் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று அவர் 2000-இல் எழுதியது அத்துறையில் பிரசித்தம். பலர் மறந்துவிடுவது அதற்கு அவரே விதித்த நிபந்தனை: உபயோகிப்போர் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலிருந்தும் சிலரை அழைக்க வேண்டும். தெலுங்கில் படித்த தமிழ் வீட்டுப் பிள்ளை ஒரு வகை, தமிழே எழுதத் தெரியாமல் பேசமட்டும் தெரிந்தவர் இன்னொரு வகை. விக்கிப்பீடியாவின் மொழிப் பொத்தானைத் தட்டினால், முன்பு தேர்ந்த மொழி, உலாவியின் மொழி, இருக்கும் தேசம் ஆகியவற்றை வைத்து உத்தேசமாகச் சில மொழிகளே முன்னிறுத்தப்படுகின்றன. இவர்களில் யாருக்கு அந்த உத்தேசம் பொருந்துகிறது என்பதை நேரில் பார்த்தாலொழியத் தீர்மானிக்க முடியாது.

திருப்பதியில் 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், குப்பத்தில் 1997-இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகமும் இதற்கு உகந்த இடங்கள். மாணவர் சிலரை ஒவ்வொருவராக அழைத்து, ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் திறந்து கொடுத்து, இதையே தெலுங்கிலும் பிறகு தமிழிலும் எடுத்துக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வழி சொல்லிக்கொடுக்க நாக்குத் துடித்தாலும் வாயை மூடிக்கொண்டு அருகில் இருந்து குறித்துக்கொள்ள வேண்டும். அரைநாள் வேலை. மென்பொருள் திறந்தே கிடக்கிறது. குறிப்பை எடுத்துக்கொண்டு திருத்தம் செய்யப் புறப்படுகிறவரை அங்கே தடுப்பாரும் இல்லை.