மஞ்சள் தூளுக்கு ஓட்டப்பந்தயம்!

பி.காம். படித்தவனுக்கு கெமிஸ்ட்ரி லேபில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அக்கா வீட்டுக்காரர் கேட்கவில்லை. மளிகைக் கடைக்காரர். மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு மூட்டை மஞ்சள் தூள் வாங்கிப் பாக்கெட் போட்டுவிட்டார். "என்னப்பா, குழம்பு பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு?" என்று ஒரு வாடிக்கைக்கார அம்மா சொன்னதிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. ஒரு பாக்கெட்டை என் கையில் திணித்து, "மாப்ளே, உன் ஃப்ரெண்டு காலேஜ் லேப்லதானே இருக்கான்?" என்றார்.

"ஆசிட் ஊத்தினா கலப்படம் சிவக்குமாமே?" என்று நண்பனிடம் மேதாவித்தனம் காட்டினேன்.

"டேய், நல்ல மஞ்சளும்தான் சிவக்கும். தண்ணி ஊத்தினா அந்தச் சிவப்பு போயிடும், மெட்டானில் யெல்லோ சாயமா இருந்தா போகாது. வெறுங்கண்ணால பாத்தா தகராறு. பிரிச்சுப் பாத்துடலாம்."

பிரிக்கிற வேலைக்குப் பெயர் தின் லேயர் குரோமடோகிராஃபி. பயப்படாதீர்கள், விசிட்டிங் கார்டு சைஸ் அலுமினியத் தகடு. அதன்மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி சிலிகா ஜெல் பூச்சு, அவ்வளவுதான். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே கோடு போடச் சொன்னான். பால்பாயிண்ட் பேனாவால் போட்டேன். தலையில் குட்டாத குறை! மையும் சேர்ந்து மேலே ஓடுமாம். பென்சில்தான் போட வேண்டுமாம். ஒரு தகடு தண்டம்.

புதுத் தகட்டில் மூன்று புள்ளிகள். மெத்தனாலில் கரைத்து, தலைமுடி மாதிரிக் கண்ணாடிக் குழாயால் வைத்தான். முதலாவது, என் வீட்டில் ஈரோட்டு விரலி மஞ்சள் வாங்கி அரைத்த தூள். இரண்டாவது, மாமா சரக்கு. மூன்றாவது, அசல் மெட்டானில் யெல்லோ! அமிலம் பார்க்கும் இன்டிகேட்டராக லேபிலேயே பாட்டிலில் இருக்கிறது.

பீக்கரில் குளோரோஃபார்ம் 95 பங்கு, மெத்தனால் 5 பங்கு. புள்ளிகள் மூழ்காத அளவுக்கு ஊற்றி, தகட்டை நிறுத்தி, மூடினான். வேட்டி நுனி ஈரத்தில் பட்ட மாதிரி திரவம் மேலே ஏறியது. சிலிகாவோடு ஒட்டிக்கொள்கிற சரக்கு பின்தங்கும், ஒட்டாதது முன்னே போகும். வழியில் பார்க்கிறவரிடமெல்லாம் நின்று பேசுகிற ஆள் ஆபீசுக்கு லேட்டாக வருவதில்லையா? 1938-ல் கார்கோவ் நகரில் இஸ்மாய்லோவ், ஷ்ரைபர் என்ற இருவர் மருந்துச் சாறுகளைச் சோதிக்க ஆரம்பித்த வித்தையாம் இது.

தகட்டை எடுத்து உலர்த்தினான். என் மஞ்சள் மூன்று மஞ்சள் பொட்டுகளாகப் பிரிந்திருந்தது. மேலே இருப்பதுதான் குர்குமின். கீழே இரண்டும் அதன் பங்காளிகள். மூன்றாவது வரிசையில் சாயம் கோட்டை விட்டு நகராமல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

நடுவரிசையில் குர்குமின் கும்பலும் இருந்தது. கூடவே, கோட்டருகே அதே அழுத்தமான பொட்டு!

"லெட் குரோமேட் கலந்தாங்களான்னு இதுல தெரியாது. அதுக்கு வேற டெஸ்ட்" என்றான் நண்பன். இது ஒன்றே போதாதா?

கடையில் தகட்டைக் காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "அறுபது பாக்கெட் வித்தாச்சு மாப்ளே" என்றார். பிறகு கடன் நோட்டை இழுத்து என் பக்கம் தள்ளினார். "நீதான் கணக்குப் படிச்சவனாச்சே. மஞ்சத்தூள் வாங்கினவங்க பேரெல்லாம் எடு. வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கிடலாம்."

எடுத்தேன். முதல் பேரே அந்தப் பெயிண்ட் குழம்பு அம்மாதான்.