பனைக்கு ஒரு கயிறு, புளிக்கு ஒரு கயிறு

இருபது மீட்டர் உயரப் பனையின் உச்சியில் பிடி நழுவினால் தரையைத் தொட இரண்டு விநாடி போதும். விழும் உடல் அப்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குப் பனைகள் வெறும் காட்சி. காலையும் மாலையும் பாளை சீவ ஏறுகிறவருக்கு ஒவ்வொரு மரமும் அந்த இரண்டு விநாடிக் கணக்கு.

மரம் ஏறுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் உலகில் உண்டு. பாறையேறியாக இருந்து மரப் பராமரிப்புத் தொழிலுக்கு வந்த பீட்டர் ஜென்கின்ஸ், 1983-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 'ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கிப் பொதுமக்களுக்கும் கயிற்றில் ஏறக் கற்றுக்கொடுத்தார். இன்று அதற்கென்றே கயிறும் கச்சையும் கொக்கியும் தயாராகின்றன. அவற்றை வாங்கிவந்து நம் ஊர்ப் பனையில் மாட்டிவிட முடியுமா? முடியாது. எந்தக் கயிறு என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கயிறு மரத்தில் எதைப் பிடித்துக்கொள்ளப் போகிறது என்று கேட்க வேண்டும்.

கிளை இல்லாத மரம்

பொழுதுபோக்கு ஏற்றத்துக்குக் கிளை வேண்டும். ஈயக் குண்டு நிரப்பிய சிறு பையை மெல்லிய நூலில் கட்டி, உயரத்தில் உள்ள கிளைக்கு மேலாக எறிவார்கள். பின் அந்த நூலைக் கொண்டே தடித்த கயிற்றை மேலே இழுத்து, மறுபக்கம் இறக்குவார்கள். ஏறுகிறவர் கயிற்றின் இரு பக்கங்களிலும் சேர்ந்து தொங்குவதால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய பாதி எடையைத்தான் சுமக்கும். இடையில் ஒரு சறுக்கு முடிச்சு இருக்கும். கையால் தள்ளினால் நகரும். எடை விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். புளி, வேம்பு, ஆல் போன்றவற்றுக்கு இது பொருந்தும். பச்சையாக உயிரோடு இருக்கும், குறைந்தது 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கிளையாகப் பார்த்துத்தான் கயிறு போடுவார்கள். முருங்கைக் கிளையை நம்பக் கூடாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரக்காணமோ 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கடந்த கரை. வெளியே நன்றாகத் தெரியும் கிளையிலும் கவட்டில் விரிசல் ஓடியிருக்கலாம்.

பனைக்குக் கிளையே கிடையாது. உச்சியில் இருப்பவை மட்டைகள். காய்ந்த மட்டை கழன்றுவிடும். ஆகவே பனையேறியின் கருவி முழுக்க உராய்வையே நம்புகிறது. நாரிலோ கயிற்றிலோ செய்த தளையை இரு பாதங்களிலும் மாட்டி, உள்ளங்கால்களை மரத்தின் இரு பக்கமும் பதிக்கிறார். உடல் எடை பாதங்களை விலக்கப் பார்க்கும், தளை விடாது. அந்த இழுபறிதான் பாதங்களை மரத்தோடு அழுத்துகிறது. எடை கூடினால் அழுத்தமும் கூடும், உராய்வும் கூடும். அருமையான பொறியியல்தான். ஆனால் கால் ஊன்றி நிற்கும்வரைக்கும்தான் அது வேலை செய்யும். கால் நழுவிய பிறகு ஆளைப் பிடித்து நிறுத்த அதற்கு வழியில்லை.

சில பகுதிகளில் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிறு போடுவார்கள். சாய்ந்து நின்று இரு கைகளாலும் வேலை செய்ய அது உதவும். ஆனால் அது தளர்ந்த வளையமாக இருந்தால், கால் நழுவும்போது ஆளோடு சேர்ந்து கீழே சறுக்கும். அதே கயிற்றைச் சுருக்காகப் போட்டால் கதையே வேறு: எடை விழுந்த நொடியில் சுருக்கு இறுகி மரத்தைக் கவ்வும். பனைக்கான பாதுகாப்புக் கருவியின் அடிப்படை இந்தச் சுருக்குதான்.

எத்தனை கிலோ தாங்கும்?

கயிறு வாங்கப் போனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. ஐரோப்பியத் தரம் இஎன் 1891-இன்படி முதல் வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் இழுவிசை தாங்க வேண்டும். அதாவது சுமார் 2,200 கிலோ எடை. 80 கிலோ ஆளுக்கு இவ்வளவு எதற்கு?

கயிற்றில் ஒரு மீட்டர் தொய்வு விட்டு ஏறுகிறோம் என்று வையுங்கள். நழுவி ஒரு மீட்டர் விழுந்த பின், கயிறு பத்து சென்டிமீட்டர் நீண்டு ஆளை நிறுத்துகிறது. கணக்குப் போட்டால் உடல்மேல் சராசரியாக எடையைப் போல் பதினோரு மடங்கு விசை, அதாவது 880 கிலோவுக்குச் சமமான இழுப்பு. கயிறு அறாது, முதுகெலும்பு தாங்காது. வெறும் இடுப்பு பெல்ட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முழு உடல் கச்சையிலேயே இந்த அதிர்ச்சி 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது பாதுகாப்புத் தரங்களின் வரம்பு.

பாறையேறிகளின் கயிறு விழும்போது 40 சதவீதம் வரை நீள அனுமதி உண்டு. அந்த நீட்சியே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மரமேறும் கயிறு அப்படி நீண்டால் ஏறவே முடியாது, ஒவ்வொரு இழுப்பும் வீணாகும். அதனால் 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், அதிகம் நீளாத கயிற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு விலையாக ஒரு விதி: தொய்வு விடவே கூடாது. கட்டிய இடத்துக்கு மேலே ஏறிப் போகவும் கூடாது.

எந்த இழை என்பதும் முக்கியம். குப்பங்களில் படகு கட்டும் பச்சை, நீலக் கயிறுகளைப் பேச்சுவழக்கில் நைலான் என்றே சொல்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன். தண்ணீரில் மிதக்கும், விலை குறைவு, வலைக்கும் படகுக்கும் சரி. ஆனால் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்; சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 70 கிலோ ஆள் 15 மீட்டர் கயிற்றில் வேகமாக இறங்கினால் 10,000 ஜூலுக்கு மேல் ஆற்றல் உராய்வில் வெப்பமாகும். அதில் பெரும் பங்கு ஒரே இடத்தில், விரல் நீள முடிச்சில் சேரும். நைலான் 220 டிகிரிக்கு மேலும், பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேலும் தாங்கும். நைலான் நனைந்தால் வலுவில் ஒரு பங்கை இழக்கும், பாலியெஸ்டர் அவ்வளவாக இழக்காது. சறுக்கு முடிச்சுக்கு உருகாத அராமிட் இழை கலந்த கயிறு நல்லது. வலுவில் எஃகையே விஞ்சும் சில நவீன பாலிஎதிலீன் இழைகள் 150 டிகிரிக்குள் உருகிவிடும். படகு இழுக்க அவை ஏற்றவை. சறுக்கு முடிச்சுக்கு ஆபத்தானவை.

முடிச்சா, பின்னலா?

கயிறு அறும்போது பெரும்பாலும் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் அறும். வளைவின் வெளிப்பக்க இழைகள் மொத்தச் சுமையையும் வாங்கிக்கொள்ள, உள்பக்க இழைகள் சும்மா இருக்கும். அதனால் முடிச்சுப் போட்ட கயிறு தன் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கும். முனையை மடக்கி, கயிற்றுக்குள்ளேயே பிரிகளைக் கோத்துப் பின்னினால் இழப்பு பத்து சதவீத அளவில் நின்றுவிடும்.

கடலோரத்துக்கு இந்த வேலை புதிதல்ல. மூன்று பிரிக் கயிற்றின் முனையைப் பிரித்து, கண் (முனையில் அமையும் வளையம்) அளவுக்கு மடக்கி, ஒவ்வொரு பிரியையும் முறுக்குக்கு எதிர்த்திசையில் ஒன்றின் அடியில் நுழைத்து அடுத்ததன் மேலாக எடுத்துப் போகவேண்டும். தேங்காய் நார் போன்ற சொரசொரப்பான கயிற்றுக்கு மூன்று சுற்று போதும். செயற்கை இழை வழுக்கும் என்பதால் குறைந்தது ஐந்து சுற்று வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சுமை ஏறும்போது மெல்ல உருவிக்கொள்ளும்.

மரமேறும் கயிறுகளோ உறையும் உள்கருவுமாகப் பின்னப்பட்டவை. அவற்றில் கண் போடும் முறை வேறு. தயாரிப்பாளர் சொன்ன நீளத்துக்கு முனையை உள்ளே புதைக்க வேண்டும். பழகாதவர்கள் தொழிற்சாலையிலேயே தைத்துவரும் கண்ணை வாங்குவது மேல். அதுவும் இல்லையென்றால் 8 என்ற எண் வடிவில் விழும் 'எட்டு முடிச்சு' போதும். சுமாராகப் போட்ட பின்னலைவிடச் சரியாகப் போட்ட எட்டு முடிச்சு நம்பகமானது. சரியாக விழுந்திருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரும் பார்த்தே சொல்லிவிடலாம்.

உப்பு செய்யும் வேலை

வெளிநாட்டுக் கையேடுகள் மரக்காணத்தின் காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையும். கடற்கரை இரவுகளில் இது வழக்கம். பகலில் காய்ந்து மீண்டும் படிகமாகும். கயிற்றின் இழைகளுக்கு நடுவே இது நாள்தோறும் நடந்தால் கயிறு விறைத்துப்போகும். கூடவே மணலும் ஏறினால் இழைகளை உள்ளிருந்தே அரைக்கும்.

உலோகத்துக்குப் பாதிப்பு அதிகம். அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குளோரைடு துளைக்கும். கொக்கியின் உடல் அலுமினியம், உள்ளே இருக்கும் ஆணி எஃகு என்றால் உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து மின்கலம் ஆகி, அலுமினியம் அரிக்கப்படும். கொக்கியின் வாயைத் திறந்து விடுங்கள். தானாக முழுக்க மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். இழுத்துப்பிடித்து நின்றால் அது ஏறுவதற்கு உதவாது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மூட்டில் எண்ணெய் விடுவதுதான் பராமரிப்பு. கயிற்றை முழு நீளமும் விரலால் உருவிப் பாருங்கள். தட்டையான இடம், கொளகொளத்த இடம், உருகிப் பளபளக்கும் இடம் என எது தென்பட்டாலும் அந்தக் கயிறு இனி துணி காயப்போடத்தான். தொடாமலே வைத்திருந்தாலும் பத்து ஆண்டுக்குமேல் பயன்படுத்த வேண்டாம் என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

யாருக்குப் போக வேண்டும்?

தெலங்கானா அரசு 2024 ஜூலையில் கள் இறக்கும் தொழிலாளர்களுக்கு, கயிறும் கால் வளையமும் கொக்கியும் அடங்கிய 'காட்டமய்யா ரக்ஷா கவசம்' என்ற பாதுகாப்புத் தொகுப்பை வழங்கத் தொடங்கியது. மலையேற்றத்தில் பிறந்த நுட்பம் பனைக்கு ஏற்றபடி மாறியதற்கு அந்த மாநிலமே சாட்சி.

பனையைத் தமிழ்நாடு தன் மாநில மரமாகக் கொண்டாடுகிறது. பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. பனை விதை நடும் திட்டங்களுக்குக் குறைவில்லை. நட்டவை வளர்ந்து ஏறும் பருவம் வரப் பத்துப் பதினைந்து ஆண்டாவது ஆகும். அதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை ஒன்று உண்டு: மரத்தைக் கவ்வும் சுருக்குக் கயிறு, முழு உடல் கச்சை, உப்புக் காற்றைத் தாங்கும் கொக்கி ஆகியவற்றைப் பனையேறிகளையே வைத்துச் சோதித்து, அவர்கள் வேகத்தைக் கெடுக்காதபடி வடிவமைப்பது. ஒரு நாளில் பல மரம் ஏறுகிறவர், ஒவ்வொரு மரத்திலும் சில நிமிடங்களைத் தின்னும் கருவியைத் தொடமாட்டார். அவர் கழற்றிப் போட்டுவிட்டு ஏறும் கச்சை, சோதனைச் சாலையில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கினாலும் தோற்ற கச்சைதான்.