பல்கலைக்கழகத்தில் பிறந்து காயலான் கடையில் முடிந்த மஞ்சள் சைக்கிள்! முன்பணம் கேட்டு 1 கோடி பேர் காத்துக் கிடந்தனர்

கோவை வீதிகளில் 2018-ம் ஆண்டு திடீரென்று மஞ்சள் சைக்கிள்கள் முளைத்தன. கடை இல்லை. கடைக்காரர் இல்லை. ரோட்டோரத்தில் சைக்கிள் மட்டும் நின்றது. செல்போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். ஏறி மிதிக்கலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் அப்படியே விட்டு விட்டு நடையைக் கட்டலாம்.

எல்லாம் சில மாதங்கள்தான். அதே ஆண்டின் நடுவில் கம்பெனி இந்தியாவை விட்டே மூட்டை கட்டியது. மஞ்சள் சைக்கிளும் வீதியில் இருந்து மாயமாய் மறைந்தது.

"ஓபோ" என்பது அந்த சைக்கிளின் பெயர். அது பிறந்த இடம் சீனத் தலைநகர் பீஜிங். அங்குள்ள பீக்கிங் பல்கலைக்கழக வளாகத்தில், மாணவர்களின் பழைய சைக்கிள்களை வைத்துத் தொடங்கிய திட்டம் அது. புகை இல்லை, பெட்ரோல் இல்லை, புதிதாக இரும்பு வாங்கும் செலவும் இல்லை. அப்படி ஒரு நல்ல திட்டம், 3 ஆண்டுகளில் 1 கோடி பேரைத் தெருவில் நிறுத்தியது எப்படி?

திருட்டில் தொடங்கிய யோசனை

பீக்கிங் பல்கலைக்கழகம் 1898-ல் தொடங்கப்பட்டது. சீனாவில் பெயர் பெற்றது. வளாகத்தின் நடுவே ஒரு ஏரி. அந்த ஏரியின் பெயரே "பெயர் வைக்காத ஏரி" என்பதுதான். விடுதிக்கும் வகுப்புக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் தூரம் அதிகம். சைக்கிள் இல்லாமல் மாணவனுக்குப் பிழைப்பு இல்லை.

ஆனால் சைக்கிள் வாங்கினால் இரண்டு தொல்லைகள். ஒன்று, திருட்டு. காலையில் நிறுத்திய சைக்கிள் மாலையில் இருக்காது. இன்னொன்று, துரு. படிப்பு முடிந்து போகிறவர்கள் பழைய சைக்கிளை அம்போ என்று விட்டு விட்டுப் போய் விடுவார்கள். டயரில் காற்று இல்லாமல், செயின் துருப்பிடித்து அது ஒரு மூலையில் கிடக்கும். உலகத்தில் எந்தப் பெரிய கல்லூரி வளாகத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

இங்கே படித்த வாலிபர் டாய் வெய். 1991-ல் பிறந்தவர். சைக்கிள் பிரியர். அவருடைய சைக்கிளும் பலமுறை திருட்டுப் போனது. இவரும் பல்கலைக்கழக நண்பர்களும் சேர்ந்து 2014-ம் ஆண்டு ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சைக்கிள் சுற்றுலா நடத்துவதுதான் முதல் திட்டம். அது எடுபடவில்லை.

அதன் பிறகு 2015-ம் ஆண்டு வந்தது அடுத்த யோசனை. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். உன் சைக்கிளைப் பொதுவுக்குக் கொடு. வளாகத்தில் உள்ள எந்த சைக்கிளையும் நீ ஓட்டிக் கொள் என்பதுதான் அதன் சாரம். சைக்கிள்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தகடும், எண் பூட்டும் மாட்டினார்கள். தகட்டில் உள்ள எண்ணை செல்போனில் அனுப்பினால், பூட்டின் ரகசிய எண் வரும். திறந்து ஓட்ட வேண்டியதுதான்.

"ஓபோ" என்ற பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. அதை ஆங்கில எழுத்தில் எழுதினால், ஆள் சைக்கிளில் குனிந்து உட்கார்ந்து மிதிப்பது போலவே இருக்கும்!

வெள்ளை சைக்கிள், பச்சை சைக்கிள்

பொது சைக்கிள் என்ற எண்ணம் அதற்கு 50 ஆண்டுகள் முன்பே பிறந்து விட்டது. 1965-ம் ஆண்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்துப் பூட்டு இல்லாமல் ரோட்டில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார்கள். பூட்டாமல் சைக்கிளை விடுவது சட்டப்படி குற்றம் என்று சொல்லி போலீசார் அவற்றை அள்ளிக் கொண்டு போனார்கள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1993-ல் பச்சை சைக்கிள்களை இறக்கினார்கள். விட்ட கையோடு திருடர்கள் கைவரிசையைக் காட்டினார்கள். திட்டம் படுத்து விட்டது.

திருடனுக்கு முதல் கடிவாளம் போட்டதும் ஒரு பல்கலைக்கழகம்தான். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் 1996-ல் மாணவர்களுக்கு காந்தப் பட்டை வைத்த அட்டை கொடுத்தார்கள். அட்டையைத் தேய்த்தால்தான் சைக்கிள் கிடைக்கும். யார், எப்போது எடுத்தார் என்பது பதிவாகி விடும். காணாமல் போனால் யாரைக் கேட்பது என்று தெரியும். பின்னால் உலகத்தின் பெரிய பெரிய நகரங்களில் வந்த சைக்கிள் திட்டங்களுக்கு எல்லாம் அதுதான் முன்னோடி.

நம் ஊர் வாடகை சைக்கிள் கடைக்காரருக்கு இது புது விஷயமே அல்ல. மட்கார்டில் நம்பர் எழுதி வைத்திருப்பார். எடுத்த நேரத்தை நோட்டில் குறித்துக் கொள்வார். தெரிந்த பையனாக இருந்தால்தான் சைக்கிளைக் கொடுப்பார். ஒரு மணி நேரம் தாண்டினால் தேடிக் கொண்டு வீட்டுக்கே வந்து விடுவார். பஞ்சர் ஒட்டுவதும் அவரே.

பீக்கிங் பல்கலைக்கழக வளாகமும் அப்படித்தான் இருந்தது. சுற்றிலும் மதில். வாசலில் காவல். ஓட்டுகிறவர்கள் எல்லாம் அங்கே படிக்கிறவர்கள். சைக்கிள் எங்கே போனாலும் மதிலுக்குள்தான் இருக்க வேண்டும்.

மதிலைத் தாண்டியது

திட்டம் வெற்றி என்றதும் பணக்காரர்கள் பையைத் தூக்கிக் கொண்டு ஓடி வந்தார்கள். 2016-ல் 200-க்கும் மேற்பட்ட கல்லூரி வளாகங்களில் மஞ்சள் சைக்கிள் ஓடியது. அந்த ஆண்டின் கடைசியில் வளாகத்தை விட்டு நகரத்து ரோட்டிலும் இறங்கியது. ஷாங்காய் நகரில் அதற்கு முன்பே "மோபைக்" என்ற கம்பெனி ஆரஞ்சு நிற சைக்கிள்களுடன் களத்தில் நின்றது. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் கடும் போட்டி.

2017 ஜூலையில் மட்டும் ஓபோவுக்கு வந்த முதலீடு 70 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ.4,500 கோடி. அலிபாபா கம்பெனியும் பணம் போட்டவர்களில் ஒன்று.

இங்கேதான் திட்டம் தலைகீழாகப் புரண்டது. முதலில் இருந்தது, கிடக்கிற பழைய சைக்கிளைப் பத்துப் பேர் பயன்படுத்துவது. இப்போது நடந்தது, பத்துப் பேர் கண்ணில் படுவதற்காகப் புது சைக்கிள்களாகச் செய்து கொட்டுவது. 20 நாடுகளில், 250 நகரங்களில், 1 கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் என்று கம்பெனி மார்தட்டியது. ஷாங்காய் நகரில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து 15 லட்சம் சைக்கிள்களை இறக்கி விட்டன. நடைபாதையில் கால் வைக்க இடம் இல்லை. "இனி புது சைக்கிள் இறக்கக் கூடாது" என்று 2017-ல் ஷாங்காயும் பீஜிங்கும் தடை போட்டன.

பூட்டில் ஓட்டை

ரோட்டில் விட்ட சைக்கிளுக்கு வேறு ஆபத்தும் வந்தது. முதலில் வந்த ஓபோ பூட்டின் ரகசிய எண் மாறவே மாறாது. ஒருமுறை எண்ணைத் தெரிந்து கொண்டவர் மறுநாள் காசு கொடுக்காமலே திறந்து கொண்டார். சிலர் எண் தகட்டைச் சுரண்டி விட்டு, சொந்தப் பூட்டைப் போட்டு வீட்டுக்குள் இழுத்து வைத்துக் கொண்டார்கள். ஆற்றில் வீசியவர்கள் உண்டு. மரத்தில் தொங்க விட்டவர்களும் உண்டு!

பஞ்சர் ஆன சைக்கிள் பஞ்சர் ஆனபடியே நின்றது. கேட்பார் இல்லை. கேட்க வேண்டிய முதலாளி எங்கோ மாடி ஆபீசில் உட்கார்ந்து, எத்தனை நாடு என்று எண்ணிக் கொண்டிருந்தார்.

வாடகை என்ன? ஒரு மணி நேரத்துக்கு 1 யுவான். நம் பணத்தில் சுமார் 10 ரூபாய். போட்டிக்காக இலவச சவாரியும் கொடுத்தார்கள். இதில் சைக்கிள் செலவு எங்கே தேறும்? ஆகவே கண் முன்பணத்தின் மீது விழுந்தது.

ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் முதலில் 99 யுவான் முன்பணம் கட்ட வேண்டும். 2017-ல் அது 199 யுவான் ஆனது. அதாவது கிட்டத்தட்ட 2,000 ரூபாய். எப்போது கேட்டாலும் திருப்பித் தரப்படும் என்பது பேச்சு. அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டியது முறை. ஆனால் அது தொழில் செலவுக்குள் கரைந்தது.

கொட்டும் குளிரில் கியூ

2018-ல் சாயம் வெளுத்தது. புது முதலீடு நின்றது. சைக்கிள் செய்து கொடுத்த ஃபீனிக்ஸ் கம்பெனி, 6 கோடியே 80 லட்சம் யுவான் பாக்கி என்று வழக்குப் போட்டது. முன்பணம் கேட்டவர்களுக்கு இன்று, நாளை என்று பதில் வந்தது. பிறகு பதிலே வரவில்லை.

2018 டிசம்பரில் பீஜிங் ஆபீஸ் வாசலில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். கடுங்குளிர். மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் கியூவில் நின்றார்கள். செல்போன் வழியாகப் பணம் கேட்டவர்களின் வரிசை 1 கோடியைத் தாண்டியது. ஆளுக்கு 99 யுவான் என்று வைத்தால்கூட சுமார் 100 கோடி யுவான். நம் பணத்தில் ரூ.1,000 கோடி!

இதற்குள் ஒரு கூத்தும் நடந்தது. எவ்வளவு கேட்டும் பணம் கிடைக்காத ஒரு சீனர், தன்னை வெளிநாட்டுக்காரர் என்று சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். பணமும் வந்தது, மன்னிப்புக் கடிதமும் வந்தது! விஷயம் வெளியே தெரிந்ததும், உள்ளூர்க்காரன் என்றால் இளக்காரமா என்று சீனாவில் கொதித்தார்கள்.

அந்த மாதமே பீஜிங் கோர்ட்டு டாய் வெய்யின் ஆடம்பரச் செலவுகளுக்குத் தடை விதித்தது. விமானத்தில் உயர் வகுப்புப் பயணம் கூடாது. வேக ரயிலும் கூடாது. கம்பெனியை மூடி விடலாமா என்று பலமுறை நினைத்ததாக அவரே ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார்.

2019-ல் கோர்ட்டு தேடியபோது, கடனுக்கு எடுத்துக் கொள்ள கம்பெனி பெயரில் சொத்து எதுவும் சிக்கவில்லை. 2020-ல் இன்னொரு வேடிக்கை. எங்கள் மூலம் சாமான் வாங்கினால், அதில் வரும் தள்ளுபடியில் முன்பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக் கொள்ளலாம் என்றது கம்பெனி. கொடுத்த காசைத் திரும்ப வாங்க, மேலும் காசு செலவழிக்க வேண்டுமாம்!

டாய் வெய் அமெரிக்காவில் காபி கடைத் தொழில் தொடங்கியதாக 2023-ல் செய்தி வந்தது.

இந்தக் களேபரத்துக்குப் பிறகு சீன அரசு விழித்துக் கொண்டது. இத்தகைய கம்பெனிகள் பொதுவாக முன்பணமே வாங்கக் கூடாது. வாங்கினாலும் சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2019 ஜூனில் விதி வந்தது. வேறு கம்பெனிகளின் பொது சைக்கிள்கள் சீன நகரங்களில் அதன் பிறகும் ஓடின.

இரும்பு மலை

பணத்தின் கதி இது. சைக்கிள்களின் கதி என்ன?

சீனாவின் சியாமென் நகரில் ஒரு மைதானத்தில் குவிந்த பல கம்பெனி சைக்கிள்கள் மலை போல் எழுந்தன. அந்தப் படத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 2018 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான மஞ்சள் சைக்கிள்கள் பழைய இரும்புக் கிடங்கில் குவிந்து கிடந்தன. ஓட்டக்கூடிய நிலையில் இருந்தவற்றைத் தர்மத்துக்குக் கொடுத்து விட்டோம், ஓட்ட முடியாததைத்தான் போட்டோம் என்று கம்பெனி சமாதானம் சொன்னது.

பழைய இரும்பை உருக்கினால் மறுபடியும் இரும்பு கிடைக்கும். அதை மறுசுழற்சி என்று பெருமையாகச் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் அதை வெட்டி எடுத்து, உருக்கி, சைக்கிளாக்கி, கப்பலேற்றிய செலவு அத்தனையும் காற்றோடு போயிற்று. பல ஆண்டு உழைக்க வேண்டிய சைக்கிள், ஓராண்டு கூட மிதி வாங்காமல் காயலான் கடைக்கு வந்தது. சுற்றுச்சூழலைக் காக்க வந்த சைக்கிள், தானே குப்பையாகி விட்டது.

பள்ளிக்கூடம் போன சைக்கிள்

இந்தக் குப்பையில் இருந்து ஒரு நல்ல காரியமும் முளைத்தது. மியான்மர் நாட்டுத் தொழில் அதிபர் மைக் தான் துன் வின், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கைவிடப்பட்ட சைக்கிள்களைப் பார்த்தார். ஓபோ, ஓபைக், மோபைக் ஆகிய கம்பெனிகளின் சைக்கிள்கள் அவை. அவர் ஊர்ப் பக்கம் பிள்ளைகள் மணிக்கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். 2019-ல் சுமார் 10 ஆயிரம் சைக்கிள்களை விலை பேசி வாங்கி, கப்பலில் ஏற்றினார்.

செல்போன் பூட்டைக் கழற்றி எறிந்தார்கள். தம்பி, தங்கையை ஏற்றிக் கொள்ளப் பின்னால் ஒரு சீட்டு வைத்தார்கள். வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் 2 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள்.

முன்பணம் இல்லை. ரகசிய எண் இல்லை. யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பிள்ளை இருந்தது. சாயங்காலம் துடைத்து, வீட்டுத் திண்ணையில் ஏற்றி வைக்க ஒரு கை இருந்தது. பல நாடு சுற்றியும் அந்த சைக்கிளுக்குக் கிடைக்காதது அதுதான்.