நிறம் மட்டும் சான்றாகாது

சிறுநீர் சிவந்திருக்கக் கண்டால் எவருக்கும் அச்சம் தோன்றுவது இயல்பே. ஆயினும், சிவப்பெல்லாம் இரத்தம் அன்று. இரத்தம் கலந்த சிறுநீரெல்லாம் சிவந்து தோன்றுவதும் இல்லை. மருத்துவர் இவற்றை எவ்வாறு பிரித்தறிகிறார் என்பதைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

பீட்ரூட் கிழங்கை உண்டவர் சிலருக்கு அதன் செந்நிறம் சிறுநீரில் வெளிப்படும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து, சிறுநீரை மட்டுமன்றிக் கண்ணீரையும் வியர்வையையுங்கூடச் செம்மஞ்சளாக்கும். மஞ்சட்காமாலையில் சிறுநீர் கடுந்தேநீர் போன்று கருமை கொள்ளும். ஆகவே, "நேற்று என்ன உண்டீர்கள்? என்ன மருந்து கொண்டீர்கள்?" என்பதே நோயாளியிடம் நான் கேட்கும் முதற் கேள்வி. பெண்களாயின், மாதவிலக்குக் காலமா என்பதையும் கேட்டறிவேன்.

அடுத்தது சோதனைப் பட்டை. மருந்து தோய்ந்த இப்பட்டையைச் சிறுநீரில் நனைத்தால், இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதன் நிறத்தை மாற்றும். பீட்ரூட்டின் சாயம் மாற்றாது. ஆனால், இங்கே ஏமாறவும் இடமுண்டு. தசைகளிலுள்ள மயோகுளோபினும் இதே மாற்றத்தை விளைவிக்கும். பழக்கமின்றிக் கடும் உடற்பயிற்சி செய்தவருக்கும், விபத்தில் தசை நசுங்கியவருக்கும் இப்பொருள் சிறுநீரில் இறங்கலாம். இது இரத்தம் அன்று என்றாலும் அஞ்சத்தக்கதே. சிறுநீரகத்தை இது பழுதாக்கக்கூடும்.

ஐயத்தைத் தீர்ப்பது உருப்பெருக்கி. சிறுநீரைச் சோதனைக் குழாயிலிட்டுச் சுழல் இயந்திரத்தில் விரைவாகச் சுழற்றினால், இரத்தச் சிவப்பணுக்கள் அடியில் படிய, மேல்நீர் தெளியும். கரைந்த நிறப்பொருளாயின் மேல்நீர் சிவந்தே நிற்கும். படிவை உருப்பெருக்கியில் மிகுதியாகப் பெருக்கி நோக்குகையில், பார்வைப் பரப்பு ஒன்றில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட சிவப்பணுக்கள் தென்பட்டால், இரத்தம் கலந்திருப்பது உறுதியாகும்.

ஒரு லிட்டர் சிறுநீரில் 1 மில்லி லிட்டர் இரத்தம் கலந்தாலே நிறம் மாறக்கூடும். எனவே, சிவப்பைக் கண்டு இரத்தம் பெருகி வீணாயிற்று என்று கலங்க வேண்டுவதில்லை. அதைவிடக் குறைவாயின், கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம்.

இரத்தம் என்று தெளிந்தபின், அது வந்த இடத்தை நாட வேண்டும். விலாப்புறத்தில் கடும் வலி எழுந்தால் கல் இருக்கலாம். எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் நோய்த்தொற்று இருக்கலாம். முகம் வீங்கிச் சிறுநீர் குறைந்தால் சிறுநீரக அழற்சியை ஐயுற வேண்டும். வலியே இன்றி இரத்தம் வருவதுதான் பலரை ஏமாற்றுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வாறே முதலில் தோன்றுகிறது. புகைபிடிப்போருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஒரு நாள் தோன்றிய சிவப்பு மறுநாள் தானே மறைந்துவிடலாம், நோயோ மறைவதில்லை.

ஆதலின், வீட்டில் எவரேனும் இவ்வாறு கண்டதாகக் கூறினால், "இப்போது தெளிந்துவிட்டதே" என்று வாளாவிருக்க விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.