கண்டக்டர் கூவும் ‘சத்திரம்’... காவிரிக்கரையில் பசியாற்றிய கதை!

“சத்திரம், சத்திரம்... ஸ்ரீரங்கம் எல்லாம் ஏறு!”

திருச்சியில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறியவர்கள் இந்தக் குரலை மறக்க மாட்டார்கள். சத்திரம் பேருந்து நிலையம் என்று வாய் சொல்லிவிடுகிறது. ஆனால் அங்கே இறங்கிச் சத்திரம் எங்கே என்று கேட்டால், டீக்கடைக்காரர் பஸ் ஸ்டாண்டையேதான் கைகாட்டுவார். ஊர்வழி வந்தவர்கள் மூட்டையை இறக்கிவைத்துத் தங்கிய பழைய சத்திரத்தின் நினைவாக மிஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. 2021 இறுதியில் நிலையத்தையே புதிதாகக் கட்டித் திறந்தபோதும் பெயர் மாறவில்லை.

அந்த இடத்தில் சத்திரம் இருந்ததில் அதிசயமில்லை. கூப்பிடு தூரத்தில் காவிரி. பக்கத்துப் பகுதிக்கு இன்றைக்கும் ஓடத்துறை என்றுதான் பெயர். பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் ஸ்ரீரங்கம் நிஜமாகவே தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ரங்கநாதரைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆடி, ஆவணியில் வெள்ளம் நுங்கும் நுரையுமாக வந்தால் ஓடக்காரர் துடுப்பைத் தூக்கிவைத்துவிடுவார். தண்ணீர் இறங்கும்வரை குழந்தை குட்டியோடு வந்தவர்கள் எங்கே போவார்கள்? மேட்டூர் அணை வந்ததே 1934-ல்தானே!

ராணி மங்கம்மாளைச் சொல்லாமல் சத்திரக் கதை நகராது. பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அவர், அரசாண்டது திருச்சியிலிருந்துதான். சாலை போட்டு, ஓரத்தில் மரம் நட்டு, வழிநெடுகச் சத்திரம் கட்டியவர் என்று இன்றும் தென்மாவட்டங்களில் அவர் பேரைச் சொல்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் பலருக்கும் பழக்கமானது.

ஆனாலும், ஒரு சத்திரத்துக்குள்ளே என்னதான் நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளக் காவிரியோடு கொஞ்சம் கிழக்கே போக வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் வழியில் வரிசையாகச் சத்திரங்கள் வைத்திருந்தார்கள். 1799-ல் நாடு கம்பெனியார் கைக்குப் போயிற்று. இரண்டாம் சரபோஜிக்குத் தன் அதிகாரத்தைவிடச் சத்திரங்களைப் பற்றிய கவலை பெரிதாக இருந்திருக்க வேண்டும். 1801-ல் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

எந்தச் சாதியானாலும் வழிப்போக்கருக்குச் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசி, பருப்பு தனியாக அளந்து கொடுப்பார்கள். நோயாளி வந்தால் வைத்தியர் பார்ப்பார். கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம் பார்த்து, உடம்பு தேறும்வரை வைத்துக்கொள்வார்கள். அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. வந்த இடத்தில் இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு. இந்தத் தர்மங்களை நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் மன்னரின் வேண்டுகோள். ஹோட்டல், ஆஸ்பத்திரி, விடுதி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்! அடுத்த ஆண்டே ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தையும் கட்டினார்.

சத்திரத்தை மெல்ல மெல்ல ஓய வைத்தது ரயில். 1862-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிவரை தண்டவாளம் வந்துவிட்டது. நாள்கணக்கில் நடந்த தூரம் சில மணி நேரமாகச் சுருங்கிற்று. ராத் தங்க ஆளில்லை. ஆனால் சத்திரங்களுக்கு எழுதிவைத்த நிலம் அப்படியே இருக்கிறது, வருமானமும் வருகிறது. அதை என்ன செய்வது?

திருவையாற்றில் காவிரிக்கரைக் கல்யாண மகாலில் 1881-ல் சத்திர நிதியைக் கொண்டு ஒரு கல்லூரி தொடங்கினார்கள். சமஸ்கிருதம் மட்டும் சொல்லித்தந்தார்கள். தமிழுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டபோது, மன்னர் கொடை சமஸ்கிருதத்துக்கே உரியது என்ற பதில் வந்ததாம். தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் விடவில்லை. மூல ஆவணத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார், அதில் கல்விக்கு என்று பொதுவாகவே இருந்தது என்று சொல்லப்படுகிறது. 1924 முதல் அங்கே தமிழும் ஏறியது. எத்தனையோ தமிழ்ப் புலவர்கள் அங்கே படித்து வெளியே வந்தார்கள். வழிப்போக்கனுக்காக எழுதிவைத்த சொத்து, அவன் வராமல் போனபிறகு யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைத்திருக்காது.

திருச்சிக்குத் திரும்புவோம். யாத்ரீகர் கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. தங்குவதற்கு, கொள்ளிடக் கரையோரம் பஞ்சக்கரை சாலையில் 2014-ல் யாத்ரி நிவாஸ் திறந்தார்கள். சுமார் ஆயிரம் பேர் தங்கலாம். வாடகை உண்டு, ஆன்லைனில் முன்பதிவும் உண்டு. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அங்கே அறை கிடைத்தால் அது பெருமாள் புண்ணியம்தான்.