மூன்று முறை கட்டிய குகை

திரைக்குள் விரியும் தேசங்கள் – 17

பேரரசு தனக்குப் பிடிக்காதவர்களைக் கொல்வதில்லை. ஒரு மாய வாசல் வழியாகப் பூமிக்கு அடியில் தள்ளிவிடுகிறது. திருடியவர், எதிர்த்துப் பேசியவர், ஊரோடு ஒட்டி வாழத் தெரியாதவர் எல்லாருக்கும் ஒரே வாசல்தான். திரும்பி வர வழி கிடையாது. கீழே சூரியன் இல்லை. ஒளிரும் பூஞ்சைதான் வெளிச்சம், காளான்தான் சாப்பாடு. ஆனால் தள்ளப்பட்டவர்கள் செத்துப்போய்விடவில்லை. கோட்டை கட்டினார்கள், ஊர்கள் அமைத்தார்கள், மைக்கா என்று ஒரு அரசரையும் வைத்துக்கொண்டார்கள். விளையாட வருகிறவர் இப்போதுதான் தள்ளப்பட்ட புது ஆள். கோட்டைக் கிடங்கில் கிடைப்பதை அள்ளிக்கொண்டு வெளியே இறங்க வேண்டும்.

இந்தக் கதையை ஒரே மனிதர் மூன்று முறை விளையாட்டாகச் செய்திருக்கிறார். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் இருக்கும் ஜெஃப் வோகல். கணிதத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், 1994இல் ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 1995இல் 'எக்ஸைல்: எஸ்கேப் ஃப்ரம் த பிட்' வந்தது. 2000இல் அதையே சாய்கோணப் பார்வையில் புதிதாக வரைந்து, 'அவெர்னம்' என்று பெயரும் மாற்றினார். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் அவெர்னஸ் என்று ஒரு ஏரி இருக்கிறது. பழைய ரோமானியர்கள் அதைப் பாதாளத்தின் வாசல் என்று நம்பினார்கள். 2011 டிசம்பரில் மேக் கணினிக்கும் 2012 ஏப்ரலில் விண்டோஸ், ஐபேடுக்கும் மூன்றாவது வடிவம் வந்தது: 'அவெர்னம்: எஸ்கேப் ஃப்ரம் த பிட்'. பழைய துணைத்தலைப்பு திரும்பிவிட்டது.

'பழைய கள், புதிய மொந்தை' என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒரே சரக்கை மூன்று தடவை விற்கிறார் என்பது அவர்கள் குறை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அச்சான புத்தகம் ஐம்பது வருடம் அலமாரியில் கிடந்தாலும் பிரித்துப் படிக்கலாம். கணினி விளையாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் எக்ஸைலின் விண்டோஸ் வடிவம் 16 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மறுக்கிறது. மேக் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2011 ஜூலையில் ஆப்பிள் தன் லயன் இயங்குதளத்தை வெளியிட்டபோது, பழைய பவர்பிசி நிரல்களை ஓடவைத்த ரோசெட்டா என்ற இடைப்பாலத்தை எடுத்துவிட்டது. இயங்குதளத்தைப் புதுப்பித்தவரின் கணினியில் அன்றோடு பழைய அவெர்னம் ஊமையானது. ஐந்து மாதம் கழித்து மூன்றாவது வடிவம் வந்ததை அந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். திரும்பக் கட்டாவிட்டால் அந்தக் குகை இல்லாமலே போயிருக்கும்.

ஆட்டக்காரர்களின் சண்டைக்கு வருகிறேன். சண்டை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்த மூன்று வடிவங்களில் எது உசத்தி என்று பேசத் தொடங்கினால், ஒவ்வொருவரும் தான் முதலில் விளையாடியதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். அந்தப் பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டாலும் அவர்கள் சொல்வதில் ஒரு பொருள் இருக்கிறது. ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஆட்டக்காரரின் கையில் இருந்த ஏதோ ஒரு வேலையை வோகல் எடுத்துவிடுகிறார். அந்த வேலை சுமையா, அல்லது அதுதான் விளையாட்டா? எல்லா வாக்குவாதமும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

பேச்சை எடுத்துக்கொள்வோம். எக்ஸைலில் வழியில் பார்க்கிற ஆளிடம் பெயர் கேட்கலாம், தொழில் கேட்கலாம். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் பதிலில் வரும் ஒரு சொல்லைப் பிடித்து அதைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு வியாபாரி போகிற போக்கில் ஒரு பெயரை உதிர்ப்பார். அதைக் கவனித்தால் கதவு திறக்கும், கவனிக்காவிட்டால் மூடியே கிடக்கும். பக்கத்தில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு விளையாடுகிற ஆட்டம் அது. அவெர்னத்தில் இது போயிற்று. என்ன கேட்கலாம் என்ற கேள்விகளே வரிசையாகத் திரையில் வந்து நிற்கும், ஒன்றைத் தேர்ந்தால் போதும். உரையாடல் நன்றாக ஓடுகிறது, பாத்திரங்களும் கூடுதலாகப் பேசுகிறார்கள். ஆனால் காது கொடுத்துக் கேட்கிற வேலை போய்விட்டது. எக்ஸைல் காலத்து ஆட்கள் இதைச் சொல்லி வருத்தப்படும்போது நான் அவர்கள் பக்கம். ஊருக்குப் புதிதாக வந்து விழுந்தவன் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தடுமாறுவதுதான் இந்தக் கதையின் உயிர். அந்தத் தடுமாற்றத்தை அந்தப் பழைய முறை நம் கையிலேயே கொடுத்தது.

எக்ஸைலில் ஆறு பேர் கொண்ட குழு. அவெர்னத்தில் நான்கு பேர். ஆறு பேருக்கும் வீட்டு ஆட்களின் பெயரையோ நண்பர்களின் பெயரையோ வைத்து வளர்த்தவர்களுக்கு இரண்டு பேரைக் கைவிடுவது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் இது மாறி மாறி ஆடுகிற சண்டை. ஒவ்வொரு ஆளுக்கும் நகரவும் வெட்டவும் மந்திரம் சொல்லவும் இத்தனை புள்ளி என்று கணக்கு உண்டு. ஒரு குகை எலிக் கூட்டத்தோடு மோதுவதற்கு ஆறு பேரையும் வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். நான்கு பேரில் அந்த இழுவை குறைகிறது. இங்கே நான் வோகல் பக்கம்.

சுமை தூக்குவதிலும் அப்படித்தான். துருப்பிடித்த வாள், உடைந்த கேடயம் எல்லாவற்றையும் எடை பார்த்துத் தூக்கி, கடைக்கும் குகைக்கும் நடையாக நடந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பழைய சாமான்களைப் போட ஒரு தனி மூட்டை இருக்கிறது. எவ்வளவு போட்டாலும் கனக்காது. அந்த நடைக்காக ஏங்குகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடுமையான விவாதம் திறன்களைப் பற்றியது. 2000ஆம் ஆண்டின் அவெர்னத்தில் பாத்திரத்தை உருவாக்கும்போதே ஒரு வரம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு விலையாக அந்த ஆள் மெதுவாகத்தான் வளருவார். அதன் பிறகு புள்ளிகளை எதில் போடுவது என்பது நம் பாடு. தப்பான இடத்தில் கொட்டிவிட்டுப் பாதி ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதே தாராளத்தால்தான் விசித்திரமான பாத்திரங்களும் பிறந்தன. நான்கு பேர் போக வேண்டிய ஆட்டத்தை ஒரே ஆளை வைத்து முடிப்பதை இந்த ஆட்டக்காரர்கள் 'சிங்கிள்டன்' என்பார்கள். அதையும் 'டார்மெண்ட்' என்ற மிகக் கடினமான நிலையில் செய்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது வடிவத்தில் பாத்திரம் வளர வளரச் சிறப்புக் குணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். திறன்களும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படி வைத்திருக்கின்றன. புதிதாக வருகிறவர் தொலைந்துபோக மாட்டார். ஆனால் சிங்கிள்டன்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி: தப்பு செய்ய இடமில்லாத ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனத்துக்கு எங்கே இடம்? இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மூன்றாவது வடிவத்தை இரண்டு முறை முடித்த பிறகும் இல்லை.

படங்களைப் பற்றிய புகார் எல்லாக் காலத்திலும் உண்டு. ஒரு விளையாட்டில் பார்த்த பாறையும் மரமும் அடுத்த விளையாட்டிலும் வரும். ஆடும்போது பின்னணி இசையும் கிடையாது. தண்ணீர் சொட்டுவதுபோலச் சில ஒலிகள்தான். வோகல் இதை மறைத்ததே இல்லை. தன் விளையாட்டுகள் பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும், சிறு முதலில் அதுதான் முடியும் என்று வெளிப்படையாகவே சொல்லிவருகிறார். மனைவியும் கூட இருந்து நடத்துகிற கடை அது. பெரிய நிறுவனத்தின் தோற்றத்தைத் துரத்தியிருந்தால் எப்போதோ இழுத்து மூடியிருப்பார்கள். இசை இல்லாத அந்த அமைதியில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. ஒரு அறைக்குள் நுழையும்போது திரையில் ஒரு பத்தி விரிகிறது. ஈரமான சுவர், தொலைவில் நடமாட்டம், உங்கள் கூட்டாளியின் தயக்கம். படத்தில் இல்லாததை எழுத்து கொண்டுவந்து கொடுக்கிறது. மூன்று வடிவத்திலும் மாறாமல் நின்ற ஒன்று இந்த எழுத்தின் மேல் வைத்த நம்பிக்கைதான். படத்தைக் குறை சொல்கிறவர்கள்கூட இந்த எழுத்தைக் குறை சொல்லிக் கேட்டது குறைவு.

இன்னொன்றும் மாறவில்லை, அதுதான் எனக்குப் பெரிது. வெளியேற வழி கண்டுபிடிப்பது, கிராஹ்-ஹோத் என்ற அரக்கனை அழிப்பது, மேலே இருக்கும் பேரரசன் ஹாதார்னைப் பழிவாங்குவது என்று மூன்று பெரிய இலக்குகள் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். எரிக்கா என்று ஒரு சூனியக்காரி வருகிறாள். பேரரசு அவள் மேல் போட்ட சாபத்தால் சூரிய ஒளி பட்டாலே இறந்துவிடுவாள். அவளுக்கு இனி மேலே போக வழியே இல்லை. நமக்கு உண்டு. வழி தெரிந்த பிறகும், காளான் தோட்டத்துக்கு நடுவில் ஊர் அமைத்துக்கொண்டவர்களை விட்டுவிட்டு மேலே போவதா என்று ஒரு நிமிடம் கை நிற்கும். 1995இல் நின்ற கை 2012இலும் அதே இடத்தில் நின்றது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிற வாசகர்களுக்கு: மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள், இன்றைய விண்டோஸ் கணினியில் சிக்கலில்லாமல் ஓடும். முடித்த பிறகு, பழைய கணினி ஒன்று கைக்குக் கிடைத்தால் எக்ஸைலைத் திறந்து, பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு, கோட்டையில் முதலில் பார்க்கிற ஆளிடம் பெயரையும் தொழிலையும் கேளுங்கள். அவர் பதிலை இரண்டு முறை படியுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: உயிர்களைப் படைத்துவிட்டு அவற்றுக்கே பயந்த ஷேப்பர்கள். 2001இல் வந்து, 2021இல் மறுபடி கட்டப்பட்ட 'ஜீன்ஃபோர்ஜ்'.