காது எழுதிய சொற்கள்

பிள்ளைகளே, திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விடியற்காலையில் அதில் நடந்து பாருங்கள். இருட்டு விலகுவதற்குள் காது விழித்துக்கொள்ளும். வேப்பமரத்தில் காகம். எங்கோ இலைமறைவில் குயில். ரமணாசிரமத்தை நெருங்கினால் மயில். தெருவோர வீட்டில் சேவல்.

எல்லாவற்றையும் நாம் ‘கத்துது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நம் முன்னோர் அப்படி விடவில்லை. காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், பாம்பு சீறும், வண்டு முரலும் என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். இதற்கு ஒலிமரபு என்று பெயர். ஆசிரியப்பாவின் ஓசையைக்கூட ‘அகவல் ஓசை’ என்றார்கள். மயிலின் குரலுக்கும் பாட்டின் ஓசைக்கும் ஒரே சொல்!

இப்போது ஒரு சோதனை. ‘கா’ என்று சொல்லுங்கள். நாக்கின் பின்பகுதி மேலே போய் மூச்சை அடைத்து, சட்டென்று விடுகிறதா? காகத்தின் குரலும் அப்படித்தான் வெடித்துத் தொடங்கும். அடுத்து ‘கூஊ’ என்று இழுங்கள். உதடு குவிகிறது. சீழ்க்கை அடிக்கும்போதும் இப்படித்தான் குவிப்போம். குயிலின் குரல் கரகரப்பு இல்லாத சீழ்க்கை போன்றது. அதனால்தான் காகத்துக்கு ‘கா’, குயிலுக்கு ‘கூ’. அப்படிக் கூவுவது கரிய நிறமுள்ள ஆண் குயில். புள்ளி போட்ட பெண் குயில் ‘கிக் கிக்’ என்றுதான் குரல் கொடுக்கும்.

ஆனால் பறவைக்கு உதடு இல்லை. குரல் பிறக்கும் இடமும் வேறு. நமக்குத் தொண்டையில் குரல்நாண்கள் இருக்கின்றன. பறவைக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள், சிரிங்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது. அந்தக் குரலை நம் வாயால் அப்படியே எடுக்க முடியாது. நம் மொழியில் இருக்கும் எழுத்துகளை வைத்து, கிட்டத்தட்ட எழுதுகிறோம்.

சேவலைக் கேளுங்கள். நமக்கு ‘கொக்கரக்கோ’. ஆங்கிலேயருக்கு ‘காக்-எ-டூடுல்-டூ’. பிரெஞ்சுக்காரருக்கு ‘கோகொரிகோ’. ஜெர்மானியருக்கு ‘கிகெரிகி’. ஜப்பானியருக்கு ‘கொகெகொக்கோ’. ஊருக்கு ஊர் சேவல் மாறவில்லை, எழுதுகிற வாய்தான் மாறுகிறது. ஆனாலும் எல்லாச் சொல்லிலும் ‘க’ ஓசை இருப்பதைக் கவனித்தீர்களா? எல்லோரும் கேட்டது ஒரே சேவலைத்தான்!

பறவையை விட்டுத் தேனீக்கு வருவோம். அது வாயால் ஒலி எழுப்புவதில்லை. விநாடிக்கு 200 முறைக்கும் மேல் சிறகடிக்கிறது. காற்று அதிர்ந்து ஒலியாகிறது. ஆங்கிலத்தில் அதை ‘பஸ்ஸ்’ என்பார்கள். அவர்கள் மொழியில் ‘இசட்’ எழுத்து இருக்கிறது, அதிர்வை அதில் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் அந்த ஒலி இல்லை. நாம் மூக்கொலியில் பிடித்தோம்: ‘ரீங்காரம்’.

இந்தச் சொற்கள் பறவை, விலங்கோடு நின்றுவிடவில்லை, மனிதரிடமும் வந்து ஒட்டிக்கொண்டன. கோபக்காரர் சீறுகிறார். ஜெயித்தவர் தோற்றவரைப் பார்த்துக் கொக்கரிக்கிறார். ஆங்கிலத்தில் சேவல் கூவுவதை ‘குரோ’ என்பார்கள், தற்பெருமை பேசுவதற்கும் அதே சொல்தான். கடலால் பிரிந்த இரண்டு மொழிக்காரர்களும் கோழிக் குடும்பத்தின் சத்தத்தில் ஒரே குணத்தைக் கேட்டிருக்கிறார்கள்!

கடைசியாக யானை. அண்ணாமலையார் கோயிலில் ருக்கு என்றொரு யானை இருந்தது, 2018-இல் இறந்துவிட்டது. யானை பிளிறினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் யானை நமக்குக் கேட்காமலும் பேசும். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக்காட்சிசாலையில் யானைகளின் பக்கத்தில் நின்றபோது, கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் காற்றில் ஒரு துடிப்பை உடம்பால் உணர்ந்தார். பிறகு அதைப் பதிவு செய்து பார்த்தார்கள். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகள் அவை! விநாடிக்கு 20 அதிர்வுக்கும் குறைவான ஒலி நமக்குக் கேட்பதில்லை. அந்தப் பேச்சுக்கு நம் முன்னோர் ‘பிளிறும்’ போல ஒரு சொல் செய்து வைக்கவில்லை. காதில் விழுந்ததற்குத்தானே வாய் சொல் செய்யும்?

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. நாளைக் காலை பத்து நிமிடம் வாசலில் உட்காருங்கள். கேட்கும் குரல்களை, புத்தகத்தில் இருப்பதுபோல் வேண்டாம், உங்கள் காதில் விழுந்தபடி எழுதுங்கள். அணில் என்ன சொன்னது? மைனா? தவளை? பக்கத்து வீட்டுப் பிள்ளையும் எழுதட்டும். இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கரையும்’, ‘அகவும்’ என்ற சொற்களும் இப்படி உட்கார்ந்து கேட்ட யாரோ ஒருவர் நமக்குத் தந்தவைதான்.